பாதித் தலைக்கு எண்ணெய்

1. கிண்ணியாக் கரையில் முப்பது சுழியோடிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்தோம்.
2. அவற்றில் பத்தொன்பது பதிவுகள் பயன்படாமல் போயின.
3. காரணம், தேங்காயெண்ணெய்.
4. தவறு என்னுடையது. ஆனால் நிறுத்தப்படவிருந்தது ரிப்கா என்ற மாணவியின் புலமைப்பரிசில்.
5. அது நிற்காமல் இருப்பதற்காக, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அலுவலக நேரத்தில், என் மேலதிகாரி என் தலையின் இடது பாதிக்கு மட்டும் எண்ணெய் வைத்தார்.

இந்த வரிசையில்தான் எல்லாம் நடந்தது. கேட்பவர்கள் எல்லோரும் ஐந்தாவதிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். நான் அப்படிச் செய்யப்போவதில்லை. நாலாவது இல்லாமல் ஐந்தாவதற்கு அர்த்தம் இல்லை.

எனக்கு முப்பத்தேழு வயது. நான் ஓய்வுபெற்றவள். இதை எந்தப் படிவத்தில் எழுதினாலும் கவுண்டரில் இருப்பவர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். நான் வேலை செய்த நிதியம் நரம்பியலில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாணவர்களுக்குப் பண உதவி செய்வது. அதன் கிழக்குப் பிரிவு திருகோணமலையில், உள்துறைமுகத்தைப் பார்த்த ஒரு கட்டடத்தின் மேல்மாடியில், இரண்டு அறைகளில் இருந்தது. போன வருடம் எல்லா வேலையும் தலைமை அலுவலகத்தின் கணினித் தளத்துக்குப் போய்விட்டது. பிரிவை மூடினார்கள். பத்து வருடம் முடித்தவர்களுக்கு ஓய்வு, முடிக்காதவர்களுக்கு இடமாற்றம். நான் பத்து வருடமும் மூன்று மாதமும் முடித்திருந்தேன்.

இப்போது அந்தக் கணினித் தளத்தை நடத்தும் இளையவர்கள் இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். நீடிப்புக் கேட்கும் பக்கத்தில் “தாமதத்துக்கான காரணம்” என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்களாம். அதில் தெரிவு செய்ய ஐந்து காரணங்கள் இருக்கின்றன: நோய், பிரசவம், கருவிப் பழுது, மேற்பார்வையாளர் மாற்றம், இயற்கை அனர்த்தம். வேறு ஏதும் சேர்க்க வேண்டுமா என்று கேட்டார்கள். ஒரு வரியில் பதில் அனுப்ப முயன்றேன், முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நிதியத்துக்கு வருவதற்கு முன் நான் ஐந்து வருடம் ஒரு வைத்தியசாலையில் ஈ.ஈ.ஜி. தொழில்நுட்பவியலாளராக இருந்தேன். தலையில் மின்வாய்களைப் பொருத்தி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் வேலை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அசையாமல் இருக்கச் சொல்வது எப்படி என்று இரண்டு வருடம் படித்தேன். பிறகு நிதியத்தில் புலமைப்பரிசில் உத்தியோகத்தர் வேலை வந்தது. ஆய்வு தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள், நான் போனேன்.

ஒரே நேரத்தில் எட்டு மாணவர்களுக்கு மேல் எங்களிடம் இருந்ததில்லை. ஒவ்வொருவருக்கும் நான்கு வகை உதவி: மாதப்படி, பதிவுக் கட்டணம், பிரயாணம், கருவி வாடகை. இவற்றில் மாதப்படி மட்டும் ஐந்தாம் திகதிக்குப் பிந்தக்கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம், கந்தளாயிலிருந்து வந்த ஒரு மாணவர் எங்களிடம் இருந்தார். பூச்சிமருந்து அடிக்கும் வயல்காரர்களின் கை நரம்புகள் எவ்வளவு வேகத்தில் செய்தி கடத்துகின்றன என்பது அவருடைய ஆய்வு. அவருடைய அரையாண்டு அறிக்கையைப் படித்தபோது கடைசி இரண்டு மாதத்துப் பரிசோதனைத் திகதிகள் எல்லாம் திங்கட்கிழமையாக இருப்பதைக் கவனித்தேன். வயல்காரருக்குத் திங்களுக்கும் வியாழனுக்கும் என்ன வித்தியாசம்? கூப்பிட்டுக் கேட்டேன். மெதுவாகத்தான் சொன்னார். மேற்பார்வையாளர் வெளிநாடு போய்விட்டார், மாதப்படிப் படிவத்தில் கையொப்பம் இல்லை, இரண்டு மாதமாகப் பணம் வரவில்லை. வாரத்தில் ஆறு நாள் ரியூஷன் வகுப்பு எடுக்கிறார். மிச்சம் உள்ள ஒரு நாள்தான் ஆய்வு. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்பதற்கு எந்தப் படிவம் என்று தெரியவில்லை என்றார்.

மேற்பார்வையாளர் இல்லாவிட்டால் இன்னொருவர் கையொப்பமிடலாம் என்று ஒரு விதித் திருத்தம் எழுதி, செயலாளர் சிவயோகம் மெடத்திடம் கொண்டுபோனேன். நாலு முறை திரும்பி வந்தது.

மெடத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கிழக்குப் பிரிவின் பொறுப்பு முழுக்க அவருடையது. பருத்திச் சேலை, பென்சில், கதிரையின் கையில் தொங்கும் துணிப்பை. பேனாவைக் கையில் எடுத்தால் முடிவு எடுத்துவிட்டார் என்று அர்த்தம். அதுவரை எல்லாம் பென்சில். எந்தக் கோவையையும் பின்னாலிருந்து முன்னுக்குத்தான் படிப்பார். முதலில் இணைப்புகள், பிறகு அட்டவணை, கடைசியில்தான் கடிதம். ஒருநாள் ஏன் என்று கேட்டேன். “கடிதத்தை முதல் வாசிச்சா எனக்கு இரக்கம் வந்திடும் பிள்ளை. பிறகு இணைப்பைச் சரியா பாக்க மாட்டன்” என்றார். இல்லை, முடியாது என்ற சொற்களை அவர் பாவித்து நான் கேட்டதில்லை. கோவையை என் பக்கம் தள்ளிவைத்து, “இன்னும் முடியேல்லை” என்பார். என்ன முடியவில்லை என்பதை நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாலாவது முறை கண்டுபிடித்தேன். இரண்டாவது கையொப்பக்காரர் பொய்க் கையொப்பம் போட்டால் யார் பொறுப்பு என்று நான் எழுதியிருக்கவில்லை. எழுதினேன். பேனாவை எடுத்தார். அதற்குப் பிறகு என் காலத்தில் ஒரு மாதப்படிகூட ஐந்தாம் திகதிக்குப் பிந்தவில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

ரிப்கா எங்களிடம் வந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. கிண்ணியாவைச் சேர்ந்தவள். பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியையாக நிரந்தர நியமனம் கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டு வந்தாள். சங்குக்கும் கடலட்டைக்கும் வருடக்கணக்காக மூழ்கும் சுழியோடிகளின் மூளை, கேள்விக்குப் பதில் சொல்ல எடுக்கும் நேரம் கூடுகிறதா என்பது அவளுடைய கேள்வி. அவளுடைய மாமா ஒருவர் இருபது வருடம் மூழ்கியவர். கதைத்துக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்று, அடுத்த சொல்லுக்காகக் காத்திருப்பார் என்று நேர்முகத்தில் சொன்னாள். குழு அவளைத் தெரிவு செய்தது.

எங்கள் புலமைப்பரிசிலுக்கு ஓர் ஒப்பந்தம் உண்டு. மாணவர் இடையில் விட்டால், அல்லது இரண்டாம் வருட முடிவில் போதிய முன்னேற்றம் இல்லாமல் நிறுத்தப்பட்டால், பெற்ற தொகை முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இரண்டு பிணையாளிகள் கட்ட வேண்டும். ரிப்காவுக்குப் பிணை நின்றவர்கள் மீன்கடை வைத்திருக்கும் அவளுடைய மச்சானும், உம்மாவின் தங்கையான, தோப்பூரில் படிப்பிக்கும் சாச்சியும். இருவரும் என் மேசைக்கு முன்னால் இருந்துதான் கையொப்பமிட்டார்கள். சாச்சி ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்த பிறகு, “புள்ள கெட்டிக்காரி, ஆனா கடல நம்பி ஆராய்ச்சி செய்யிறாளே” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

போதிய முன்னேற்றம் என்பதற்கு ரிப்காவின் கோவையில் இருந்த அளவு, இரண்டாம் வருட முடிவில் முப்பது சுழியோடிகளின் பதிவு.

எங்கள் கரையில் இதற்கு ஒரு காலம்தான் இருக்கிறது. சோளகக் காற்று வீசும் நடுவருட மாதங்களில் கடல் அமைதி. சுழியோடிகள் நாள்தோறும் மூழ்குவார்கள். பதிவுக்கு முன் பத்து நாளாவது மூழ்காமல் இருக்க வேண்டும் என்பது ஆய்வின் நிபந்தனை. ஆகவே வாடைக்காற்று எழுந்து, கடல் கலங்கி, படகுகளைக் கரையில் ஏற்றிய பிறகுதான் தொடங்கலாம். அந்த மார்கழியில் ஒரு கையடக்கப் பதிவுக் கருவியை இன்னோர் ஊரிலிருந்து ஆறு வாரத்துக்கு இரவல் வாங்கினோம். தலையில் போடும் தொப்பி மட்டும் எங்களுடையது. உப்புநீரில் நனைத்த சிறு பஞ்சுகள் உள்ள தொப்பி. தலைத்தோலோடு பஞ்சு நன்றாகத் தொட்டிருந்தால் கருவியில் பச்சை விளக்கு எரியும்.

சுழியோடிகளுக்குக் கொடுக்கும் அறிவுறுத்தல் தாளை நான் எழுதினேன். எனக்கு அனுபவம் இருக்கிறது என்று நானே கேட்டு வாங்கிய வேலை அது. எட்டு அம்சங்கள்: நன்றாக நித்திரை கொள்ளவும், காலையில் தேநீர் குடிக்க வேண்டாம், இப்படி. கீழே என் கையொப்பம்.

தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம் என்று அதில் இல்லை. வைத்தியசாலையில் அதைத் தாதிமார் சொல்லிவிடுவார்கள். ஐந்து வருடமும் நோயாளிகள் எண்ணெய் இல்லாத தலையோடுதான் என் அறைக்குள் வந்தார்கள். அதைச் சொல்ல ஒருவர் வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

முதல் இரண்டு நாளிலும் மொத்தம் பதினொரு பேர், பரிசோதனை என்பதால் தலைக்குக் குளித்து எண்ணெய் வைக்காமல் வந்தார்கள். அவர்களில் நூர்தீன் நானா என்பவருக்குப் பதிவுக்குப் பிறகு தலையிடி. தேநீர் குடிக்காததால் வந்த தலையிடி. ஆனால் அவருடைய மனைவி ஜெமீலா ராத்தா, மிசின் பூட்டியதால் தலைக்குச் சூடு ஏறிவிட்டது என்று முடிவுசெய்தார். அன்று பின்னேரமே அந்த வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் செய்தி போய்விட்டது. மூன்றாம் நாளிலிருந்து வந்த பத்தொன்பது பேரும், வெந்தயம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயை உச்சிகுளிர வைத்து, படிய வாரி, நேரத்துக்கு வந்தார்கள்.

யாரும் ஒளிக்கவில்லை. நான்காம் நாள் நான் நேரில் போனேன். பதிவு நடந்த மீன்வாடியின் வாசலில் ஏழெட்டு ஆண்கள் பளபளக்கும் தலைகளோடு வரிசையாக நின்றார்கள். ஒழுங்காக வெளிக்கிட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எண்ணெய் வைத்த தலை எங்கள் ஊரில் கண்ணில் படாது. எண்ணெய் இல்லாத தலையைத்தான் என்ன சுகமில்லையா என்று கேட்போம். ரிப்காவும் கவனிக்கவில்லை. தொடங்கும்போது விளக்குகள் எல்லாம் பச்சையாகத்தான் எரிந்தன. பஞ்சில் எண்ணெய் ஏறப் பத்து நிமிடம் எடுக்கிறது என்பதும், கருவி அந்த விளக்கைத் தொடக்கத்தில் மட்டும்தான் காட்டும் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

கருவியைத் திருப்பிக் கொடுத்து, பதிவுகளை மேற்பார்வையாளரின் கணினியில் திறந்தது மாசியில். ரிப்கா அலுவலகத்துக்கு வந்து என் முன்னால் ஒரு தாளை வைத்தாள். அலைகள் இருக்க வேண்டிய இடத்தில் கரிக்கோடு இழுத்தது போல் தடித்த பட்டை. எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அதைப் பார்த்ததும் வாடி வாசலில் நின்ற தலைகள் நினைவுக்கு வந்தன.

“எத்தனை பேர்?” என்று கேட்டேன்.

“பத்தொன்பது, மிஸ்.”

இரண்டாம் வருடம் முடிய ஆறு வாரம் இருந்தது. அடுத்த வாடைக்காற்றுக்கு ஒன்பது மாதம். முப்பது இல்லாவிட்டால் சித்திரையோடு மாதப்படி நிற்கும். பாடசாலை நியமனம் ஏற்கெனவே போய்விட்டது. அவள் கண்ணீர் விடவில்லை. மச்சானின் கடையை அடகு வைக்காமல் வேறு என்ன வழி என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு மேற்பார்வையாளர் தொலைபேசியில் சொன்ன யோசனையைச் சொன்னாள். முன்னேற்றப் படிவத்தில் உள்ள கேள்வி, “பதிவு செய்யப்பட்டவர்களின் தொகை” என்பதுதான். பயன்படும் பதிவு எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. முப்பது என்று எழுதினால் குழு கடந்துவிடும். அடுத்த வாடையில் சத்தமில்லாமல் திரும்பப் பதியலாம்.

“முப்பது எண்டு எழுதினா பொய் இல்லைதானே, மிஸ்?”

நான் யோசித்தது நேர்மையை மட்டுமல்ல. முப்பது என்று எழுதினால் என் எட்டு அம்சத் தாளைப் பற்றியும் யாரும் கேட்கமாட்டார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது. அதை நான் உணர்ந்ததும்தான் அந்த எண்ணை எழுதக்கூடாது என்று தெரிந்தது.

“பொய் இல்லை. ஆனா மூண்டாம் வருசம் ஆராவது அந்தப் பதிவைத் திறந்து பாத்தா, நீங்கள் மறைச்சதெண்டுதான் சொல்லுவினம். இப்ப பிழை என்னுடையது. முப்பது எண்டு எழுதினா பிழை உங்களுடையதாப் போயிடும்” என்றேன். “பதினொண்டு எண்டு எழுதுங்கோ. மிச்சத்தை நான் எழுதுறன்.”

எங்கள் விதிகளில் பதினான்காவது, மாணவரின் தவறல்லாத தாமதத்துக்கு மாதப்படியுடன் நீடிப்பு வழங்கலாம் என்கிறது. மாணவரின் தவறல்ல என்பதற்கு ஆதாரம் இணைக்க வேண்டும். நான் ஒரு கடிதம் எழுதினேன்: அறிவுறுத்தல் தாள் அலுவலகத்தால் தயாரிக்கப்பட்டது, அதில் எண்ணெய் பற்றிய குறிப்பு விடுபட்டது, தயாரித்தவர் நான். இணைப்பு ஒன்று, அந்தத் தாள். இணைப்பு இரண்டு, பழுதான பதிவுகளின் அச்சு.

மெடம் வழக்கம்போலப் பின்னாலிருந்து படித்தார். இணைப்பு இரண்டில் பென்சிலை வைத்தார். தாளில் வைத்தார். கடிதத்தை அடைந்தபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“இதை அனுப்பினா உம்மிலை நடவடிக்கை எடுப்பினம். தெரியுமே?”

“ஓம், மெடம்.”

கோவையை என் பக்கம் தள்ளினார். “இன்னும் முடியேல்லை.”

என்ன முடியவில்லை என்று அன்று முழுக்க யோசித்தேன். அடுத்தநாள் பஸ்ஸில்தான் பிடிபட்டது. எண்ணெய்தான் காரணம் என்று நான் சொல்கிறேன். அதற்கு ஆதாரம் இல்லை. கருவிப் பழுதாக இருக்கலாம், ரிப்காவின் கைப்பழக்கமாக இருக்கலாம், சுழியோடிகள் அசைந்திருக்கலாம். குழுவில் ஒருவர் அப்படிக் கேட்டால் இணைப்பு இரண்டு ஒன்றும் சொல்லாது.

பின்னறையில் எங்களிடம் ஒரு பழைய ஈ.ஈ.ஜி. இயந்திரம் இருந்தது. தூக்கிச் செல்ல முடியாத பெரிய இயந்திரம், மாணவர் பயிற்சிக்கு வைத்திருந்தோம். அதே தொப்பியை அதில் பூட்டலாம். ஒரே தலையில் ஒரு பாதிக்கு எண்ணெய், மறுபாதிக்கு இல்லை, இருபது நிமிடப் பதிவு. ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே தொப்பி. அப்போது வித்தியாசத்துக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். தலை என்னுடையது என்றேன்.

மெடம் மூன்று கேள்விகள் கேட்டார். அதே எண்ணெயா? அதே அளவு உப்புநீரா? பதிவு செய்வது யார்?

ரிப்கா செய்யலாம் என்றேன்.

“ரிப்கா தொடக்கூடாது. அவட கோவை இது.”

கீழ்மாடியில் இருந்த பியோன் ஆண். மற்ற உத்தியோகத்தர் லீவு. மெடம் கைக்கடிகாரத்தைக் கழற்றித் துணிப்பைக்குள் போட்டார்.

செவ்வாய்க்கிழமை ரிப்கா ஒரு சோடாப் போத்தலில் எண்ணெய் கொண்டுவந்தாள். ஜெமீலா ராத்தாவின் குசினியிலிருந்து நேரே வந்த எண்ணெய். என்னத்துக்கு என்று ராத்தா கேட்டாராம், அலுவலகத்தில் ஒரு மிஸ்ஸுக்குத் தலை சூடு என்று சொல்லி வாங்கினாளாம். பிறகு ரிப்கா கதவோரம் கதிரையில் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மெடம் சொல்லியிருந்தார்.

மெடம் சீப்பை எடுத்து, நெற்றி நடுவிலிருந்து பிடரி வரை வகிடு எடுத்தார். சரியில்லை என்று திரும்ப எடுத்தார். மூன்றாவது முறை கோடு போடும் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தார். வலது பக்கத்தை ஒரு துவாயால் மூடினார். இடது பக்கத்துக்கு எண்ணெயை விட்டு, விரல் நுனிகளால் தேய்த்தார். பத்து வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அந்த ஒரு தடவைதான். அப்போதும் அவர் செய்துகொண்டிருந்தது இணைப்பு மூன்று.

“ஆம்பிளையள் எவ்வளவு வைச்சவை?” என்று ரிப்காவிடம் கேட்டார்.

“காதால வழியிற அளவுக்கு, மெடம்.”

மெடம் இன்னும் கொஞ்சம் விட்டார். “அசையாம இரும் தர்ஷினி. அஞ்சு வருசம் மற்றாக்களுக்குச் சொன்னனீர்தானே.”

கதவோரத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அந்த மாதத்தில் ரிப்கா சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

பொத்தானை எப்படி அழுத்துவது என்று நான் கண்ணை மூடியபடியே சொன்னேன், மெடம் அழுத்தினார். தாள் ஓடத் தொடங்கியது. முதல் ஐந்து நிமிடம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல. ஒன்பதாம் நிமிடம் மெடம், “ம்” என்றார். எனக்குத் தெரியவில்லை, நான் அசையக்கூடாது. இருபது நிமிடம் முடிந்து எழுந்து பார்த்தபோது, வலது பக்கத்து அலைகள் கடைசிவரை மெல்லிய கோடாக ஓடியிருந்தன. இடது பக்கம் ஒன்பதாம் நிமிடத்திலிருந்து தடித்து, பதின்மூன்றாம் நிமிடத்தில் கரிப்பட்டையாகியிருந்தது. இணைப்பு இரண்டில் இருந்த அதே பட்டை. மெடம் ஒன்பதாம் நிமிடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதியிருந்தார். பிறகு துணிப்பையிலிருந்து பேனாவை எடுத்து, “என் முன்னிலையில், என்னால் பதிவு செய்யப்பட்டது” என்று எழுதிக் கையொப்பமிட்டார். கை எண்ணெய் என்பதால் தாளின் மூலையில் ஒரு கறை. அதையும் துடைக்க விடவில்லை. “இருக்கட்டும். ஆதாரம்” என்றார்.

அன்று பின்னேரம் நான் பாதித் தலை எண்ணெயோடு பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். இடது பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார்.

குழு மூன்று பேர், கணினித் திரையில் கூடினார்கள். இணைப்பு மூன்றைப் பற்றி ஒரே ஒரு கேள்வி வந்தது: தலை யாருடையது? மெடம் சொன்னார். மூவரில் இருவர் மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்ததைப் பார்த்தேன். முடிவு இரண்டு பகுதியாக வந்தது. ரிப்காவுக்கு மாதப்படியுடன் ஒரு வருட நீடிப்பு. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை. என் சொந்தக் கோவையில் உள்ள ஒரே எச்சரிக்கைக் கடிதம் அதுதான். அதன் பிரதியை வீட்டு அலுமாரியில், நியமனக் கடிதத்துக்கு அடுத்ததாக வைத்திருக்கிறேன்.

அடுத்த வாடைக்காற்றுக்கு முன் புதிய தாள் எழுதினேன். ஒன்பதாவது அம்சம், எண்ணெய் வேண்டாம். ஆனால் தாள் மட்டும் போதாது என்பது எனக்கு இப்போது தெரியும். எண்ணெய் வைப்பவர்கள் ஆண்கள் அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரும்ப இரவல் வாங்கிய கருவியையும் தொப்பியையும் எடுத்துக்கொண்டு ரிப்காவோடு கிண்ணியாவுக்குப் போய், ஜெமீலா ராத்தா வீட்டில் அந்த வரிசைப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டினோம். மிசின் தலையில் எதையும் ஏற்றுவதில்லை, தலையில் இருப்பதைக் கேட்கிறது மட்டும்தான் என்று ரிப்கா விளக்கினாள். யாரும் நம்பவில்லை.

“அப்ப நீங்க போடுங்க புள்ள, பாப்பம்” என்றார் ராத்தா என்னிடம்.

போட்டேன். பத்து நிமிடம் கழித்து ராத்தா வந்து என் உச்சந்தலையில் கையை வைத்துப் பார்த்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வைத்துப் பார்த்தார்கள். பிறகு ராத்தா தனக்கும் போடச் சொன்னார். இந்தமுறை கருவியோடு ஒரு கணினியையும் பூட்டியிருந்தோம், திரையில் அவருடைய அலைகள் ஓடின. கண்ணை வெட்டும்போதெல்லாம் கோடு துள்ளுவதைக் கண்டுபிடித்து, நாலைந்து தரம் வெட்டினார்.

“கண்ண வெட்டினாலும் காட்டுதே. பொய் சொன்னாலும் காட்டுமா?”

இல்லை என்றாள் ரிப்கா.

ராத்தா வாசலில் நின்ற நூர்தீன் நானாவைப் பார்த்தார். “அப்ப இந்த மனிசனுக்குப் பூட்டி எனக்கு ஒரு பிரயோசனமும் இல்ல” என்றார்.

அந்த மார்கழியில் பத்தொன்பது பேரும் காய்ந்த தலையோடு வந்தார்கள். பதிவு முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் வாசலிலேயே எண்ணெய் வைத்து அனுப்ப ராத்தா ஒரு போத்தலோடு நின்றார். அதை நாங்கள் தடுக்கவில்லை.

ஆகவே கணினித் தளத்தின் இளையவர்களுக்கு என் பதில் இதுதான். ஆறாவது காரணமாக “அலுவலகத்தின் தவறு” என்று சேருங்கள். அதைத் தெரிவு செய்தால், எந்த உத்தியோகத்தர், எந்தத் தாள் என்று எழுத ஓர் இடம் விடுங்கள். அந்த இடத்தை மாணவர் நிரப்பக்கூடாது. உத்தியோகத்தர் நிரப்ப வேண்டும்.

மற்றபடி இன்றைய நிலை: ரிப்கா முப்பது பதிவுகளோடு ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, வாய்மொழிப் பரீட்சையும் முடித்துவிட்டாள். மச்சானும் சாச்சியும் போட்ட பிணைப் பத்திரங்கள் இரத்துச் செய்யப்பட்டு அவர்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டன. சிவயோகம் மெடம் எனக்கு ஒரு மாதம் முந்தி ஓய்வுபெற்றார். ரிப்காவின் கோவையை மூடும்போது கடைசிப் பக்கத்தில் கையொப்பமிட்டது நான். அதில் இணைப்பு மூன்று இருக்கிறது, மூலையில் கறையோடு.